வந்து சேராத வரவு

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் அனுப்பும் பணம் இக்காலத்திற் சிலவேளை கிரிப்டோ நாணயமாகவும் வருகின்றது. சிலவேளை வாராமலும் போகின்றது. அரியாலை மாணவரொருவருக்குத் தமையன் அனுப்பிய கல்விக் கட்டணம் அவ்வாறே இரண்டு நாளாகக் காணப்படவில்லை.

கலங்குமுன், அனுப்பியவரிடம் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்குதல் வேண்டும். அதைக் கொண்டு, யாவரும் பார்க்கத்தக்க பொதுப் பேரேட்டிற் பணம் சென்ற வழியைக் காணலாம். பிட்கொயின் பேரேட்டில் ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேரும். மேலும் சில பக்கங்கள் சேர்ந்த பின்னரே பரிமாற்று நிலையம் வரவு வைக்கும். இத்தாமதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

தடம் மாறினாலோ தொல்லைதான். டெதர் நாணயம் எதீரியம், ட்ரொன் முதலிய பல தடங்களில் ஓடுகின்றது. ட்ரொன் விலாசம் தனித் தோற்றமுடையது. எதீரிய விலாசத்தையோ பிஎன்பி போன்ற பிற தடங்களும் ஏற்கும். நம் மாணவரின் பணம் தவறியதும் அங்கேதான். எக்ஸ்ஆர்பி அனுப்புவோர் குறிப்பெண்ணை விட்டுவிட்டால், பணம் நிலையத்தின் பொதுக் கணக்கில் உரியவர் பெயரின்றிக் கிடக்கும். இவ்விரண்டிலும் பரிவர்த்தனை எண்ணுடன் நிலையத்துக்கு எழுதினால், சில நிலையங்கள் கட்டணம் பெற்று மீட்டுத் தருவதுண்டு. "மீட்டுத் தருகிறோம், இரகசியச் சொற்களைத் தாருங்கள்" என்று வலிய வருவோர் கள்வரே.

நிலையமே தடுமாறுவதும் உண்டு. 2024 ஜூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் நிலையத்திலிருந்து 23 கோடி டொலருக்கு மேல் களவுபோக, வாடிக்கையாளர் பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. இத்தகைய நிலையம் எதற்கும் தான் அனுமதி வழங்கவில்லையென இலங்கை மத்திய வங்கி 2022இல் அறிவித்திருந்தது.