விழுங்கினால் மட்டும் போதுமா?

மனநோயிலிருந்து மீண்டுவருபவரிடம் மறுபரிசோதனை நாளில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் பல வேளைகளில் அவரை விட்டுவிட்டு, உடன் வந்த தாயிடமோ மனைவியிடமோ கேட்கப்படுகிறது. எந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு, எப்போது, எதனோடு சேரக் கூடாது, எந்த அறிகுறி தெரிந்தால் மருத்துவரிடம் விரைய வேண்டும் என்பவற்றை அறிந்து அதன்படி நடக்கும் திறனே மருந்தறிவு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் இதை அளந்தறிவது மனநல சிகிச்சையின் வழக்கமான பகுதியாக வேண்டும்.

அளவுகடந்த கிளர்ச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியத்தில், குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கத்திரி வெயிலில் தொழிற்பேட்டைப் பட்டறையில் வியர்த்து நீர் வற்றினாலும், உடல்வலிக்கு மெடிக்கலில் ஐபுபுரூஃபென் வாங்கிப் போட்டாலும் இரத்தத்தில் அதன் அளவு ஏறக்கூடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை அதன் எச்சரிக்கை என்று அறியாதவர் வெயில் களைப்பு என்றே இருந்துவிடுவார். சீட்டில் '0-0-1' என்று எழுதிய இரவு மாத்திரையை, இரவு ஷிப்டுக்குப் போகிறவர் வேலைக்குக் கிளம்பும்போது போட வேண்டுமா, காலையில் வந்து படுக்கும்போதா?

கத்தரித்துக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டில் பெயர் பாதியும் காலாவதித் தேதி முழுவதும் போய்விடுகின்றன. மிஞ்சும் எழுத்தும் ஆங்கிலம். அதனால் நிறமே அடையாளமாகிறது, தயாரிப்பு நிறுவனம் மாறினால் அந்த நிறமும் மாறுகிறது. அரசு மருத்துவமனையில் பெற்ற ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தையும், கடையில் வேறு வணிகப் பெயரில் வாங்கிய அதே மருந்தையும் இரண்டென எண்ணி இரட்டிப்பாக உட்கொள்ள இடமுண்டு.

இந்தக் குழப்பங்கள் ஆம், இல்லை என்று குறியிடும் வினாத்தாளில் பிடிபடமாட்டா. மாத்திரைகளை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றையும் பற்றி அவர் சொற்களிலேயே சொல்லவைப்பதே உண்மையான மதிப்பீடு. அவரால் சொல்ல முடியாவிட்டால் விளக்கியவர்தான் மீண்டும் விளக்கக் கடமைப்பட்டவர். நோயாளி புரிந்துகொள்ளும் மொழியிலும் வடிவிலும் தகவல் பெறுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தந்துள்ளது. ஆகவே, குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லையென்று ஒதுக்குவது இந்த மதிப்பீட்டின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

1984இல் தொடங்கிய அண்ணாநகர் ஸ்கார்ஃப், 1993இல் உருவான முகப்பேர் பானியன் போன்ற அனுபவமுள்ள மனநல அமைப்புகள் அருகிலேயே இருக்க, இதற்கான தமிழ் மதிப்பீட்டு முறையை வகுப்பது அரசுக்குக் கடினமல்ல. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியிலும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலுமாக நிர்வாகம் பிரிந்திருப்பதால், எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் செல்லுபடியாகும் ஒரு தமிழ் மருந்து அட்டை நோயாளியின் கையிலேயே இருக்க வேண்டும்; ஒவ்வொரு மறுபரிசோதனையிலும், நோயாளி சொல்லக் கேட்டுச் சரிபார்த்தேன் என்று அதில் கையொப்பமிட வேண்டியவர் மருந்தை விளக்கிக் கொடுத்தவரே.