யாருடைய இங்கிலீசு மாறுகிறது?

இங்கிலீசு மாறிவிட்டதாம், இப்போது அது எல்லோருக்கும் சொந்தமாம். விரிவுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். 2007இல் மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கென்று ஓர் அகராதியே போட்டார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்த அரசாங்கம், நம்ம பாணியிலேயே பேசுவோம் என்றது. நல்ல விஷயம்தான். அந்த 'நம்ம'வுக்குள்ள பசறை, லுணுகலை, மடுல்சீமை எல்லாம் இருக்கா என்பதுதான் எங்க கேள்வி.

கொழும்பு ஏழில் ஒருத்தர் பேச்சுக்கு நடுவே 'மென்' போட்டால் அது இலங்கை ஆங்கிலம். பதுளை பஸ்ஸில் வந்திறங்கின தோட்டத்துப் பிள்ளை 'இஸ்கூல்' என்றால் வகுப்பே சிரிக்கிறது. சிங்கள நண்பர்கள் இங்கிலீசைக் 'கடுவ' என்கிறார்கள், அதாவது வாள். வெட்டு விழுகிற பக்கத்தில் அவர்களும் நிற்கிறார்கள், நாங்களும் நிற்கிறோம்.

இலக்கணமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்டர்வியூவில் யார் வேலையை இழப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா? தோட்டப் பாடசாலைகளுக்கு இங்கிலீசு டீச்சர் வேணும், அதுவும் சும்மா பேருக்கு இல்லாமல். ஆனால் படிக்கிறவன் மாற்றவும் செய்வான்.

நம்ம ஆட்கள் எப்போதோ மாற்றியவர்கள்தான். துரைமாரின் 'பரேட்'டைப் பெரட்டு ஆக்கினோம், 'லைன்'ஐ லயமாக்கினோம். நம்மிடமிருந்து அங்கே போனவற்றைப் பாருங்கள்: கங்காணி, கூலி. ('கூலி' குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.) தமிழில் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கிற காசு. இங்கிலீசில் அது வேலை செய்கிற ஆளையே குறித்தது. காசு கைக்கு வரவில்லை, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

2023இல், 200 வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோது, இங்கிலீசுப் பத்திரிகைகளில் 'மலையக' என்ற சொல் மொழிபெயர்ப்பு இல்லாமலே ஏறியது. எழுத்துக்கூட்டலில் சிலர் 'ஹ' போட்டார்கள், சிலர் 'க' போட்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். 'இந்தியத் தமிழர்', 'எஸ்டேட் தமிழர்' என்று மற்றவர்கள் வைத்த பெயர்களுக்குப் பக்கத்தில், நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர் இங்கிலீசுக்குள் போகிறது. நாங்கள் பார்க்க விரும்புகிற மாற்றம் இதுதான்.

ஆகவே சேர், மேடம், எங்கள் கட்டுரையில் 'மலையகம்' என்று இங்கிலீசில் எழுதினால் அதைச் சிவப்பு மையால் வெட்டி 'எஸ்டேட் செக்டர்' என்று திருத்தாதீங்க. 'லைன் ரூம்' என்று எழுதினபோது நீங்க வெட்டவில்லையே.