சாவி கொடுத்த பிறகும் வீடு இருக்கிறது

அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடு, சாவி ஒப்படைக்கப்பட்ட நாளோடு அரசின் ஆண்டுச் செலவுக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. வானூர் முதல் மரக்காணம் உப்பளங்கள் வரையிலான கடலோரத்தில் இதனால் ஏற்படும் இழப்பு அதிகம். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு, ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அரிக்கிறது. துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைப்பதால் கூரைக் காரை உள்ளிருந்தே வெடித்து விழுகிறது.

2000-01க்கு முன் கட்டப்பட்ட 2.5 லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு 2024-இல் ரூ.2,000 கோடி அறிவித்தது. சராசரியாக வீட்டுக்கு ரூ.80,000. பழுதுநீக்க இயலாத 25,000 வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடுகள் கட்ட 2025-26 நிதிநிலை அறிக்கை ரூ.600 கோடி ஒதுக்கியது, வீட்டுக்கு ரூ.2.4 லட்சம். தாமதித்தால் செலவு மும்மடங்காகிறது.

குடும்பங்களே இதை ஏற்கட்டும் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. கூரை ஒழுகும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலை நிற்கிறது. அப்போது அரசு வழங்கும் ரூ.5,000 நிவாரணம் உணவுச் செலவுக்கே போதாது.

'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடொன்றுக்கு ரூ.3.5 லட்சம் வழங்கப்படுகிறது. அதில் ஒரு விழுக்காட்டை, அதாவது ரூ.3,500-ஐ, ஆண்டுதோறும் ஊராட்சியின் பராமரிப்பு நிதிக்கு ஒதுக்க வேண்டும். மழைக்கு முன் கொத்தனார் ஒருவர் விரிசல்களை அடைத்து, கூரைமேல் நீர் தேங்காமல் சரிசெய்தால், அரிப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடலாம். புதிய வீடுகளின் எண்ணிக்கையோடு பழைய வீடுகளின் ஆயுளும் நிதிநிலை அறிக்கையில் இடம்பெறட்டும்.