வகுத்துப் பாராமலே அறிதல்

ஓர் எண் முதன்மை எண்ணா, அன்றா என்று கேட்டால் நம் மாணவர் உடனே வகுக்கத் தொடங்குவர். 2, 3, 5, 7 என்று வர்க்கமூலம் வரையிலுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்து, ஒன்றாலும் மீதியின்றி வகுபடாவிடின் அது முதன்மை எண் என்பர். பிழையற்ற முறைதான். ஆயின் 2 இன் 127 ஆம் அடுக்கிலிருந்து 1 ஐக் கழித்தால் வரும் எண்ணைப் பாருங்கள்:

170141183460469231731687303715884105727

இவ்வெண்ணின் வர்க்கமூலமே 20 இலக்கம் உடையது. அதுவரை வகுத்துக்கொண்டு போக ஓர் ஊரார் அனைவரின் ஆயுளும் போதாது.

இது முதன்மை எண் என்று மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644 இல் எழுதிவைத்தார், நிறுவினாரல்லர். 232 ஆண்டுகளின் பின், 1876 இல், அதே நாட்டினரான எட்வார்ட் லூக்காஸ் கையாற் கணித்தே அதனை நிறுவினார். அவர் காரணிகளைத் தேடவேயில்லை. அவரது முறையை லேமர் என்பார் 1930 இல் எளிதாக்கித் தந்தார். அவ்வடிவத்தையே இங்குக் கூறுவோம்.

அடுக்கு, 2 அல்லாத ஒரு முதன்மை எண்ணாக இருத்தல் வேண்டும். 4 இல் தொடங்குக. அதனை வர்க்கித்து 2 ஐக் கழிக்க. வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் அவ்வாறே செய்க. அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவைகள் செய்தபின் மீதி 0 ஆயின் அது முதன்மை எண், வேறெதுவாயினும் அன்று. 2 இன் 5 ஆம் அடுக்கிலிருந்து 1 போக 31. மூன்று தடவை செய்யவேண்டும். 4 இலிருந்து 14. 14 இலிருந்து 194, அதை 31 ஆல் வகுக்க மீதி 8. 8 இலிருந்து 62, மீதி 0. மேலே கண்ட பேரெண்ணுக்கோ 125 தடவைகளே போதும்!

மெர்சேன் 67 ஆம் அடுக்கையும் தம் பட்டியலிற் சேர்த்திருந்தார். அது தவறென்றும் லூக்காஸ் 1876 இலேயே காட்டிவிட்டார். அந்த எண் முதன்மை எண் அன்று என்பது தெரிந்தது. அதன் காரணிகள் எவை என்பது மட்டும் தெரியவில்லை. கணிதத்தில் எம்மை மிகவும் வியக்கவைக்கும் நிலை இதுதான். 1903 இல் அமெரிக்கரான கோல், நியூயோர்க்கில் கணிதவறிஞர் கூடிய அவையில் 193707721, 761838257287 என்னும் இரு காரணிகளையும் வெளியிட்டார். அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையிற் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்றும், அதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டார் என்றும் பெல் என்னும் நூலாசிரியர் எழுதியுள்ளார். பெல் கதையைச் சற்றே மெருகூட்டியும் இருக்கலாம். பெருக்கத்தின் விடையிலோ ஐயமில்லை.

2024 இல் அறிவிக்கப்பட்ட முதன்மை எண் 2 இன் 136279841 ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்தது, இலக்கங்கள் 41024320. கணினிகள் அதனை உறுதிப்படுத்தியதும் நாம் மேலே 31 க்குச் செய்த அதே கணக்கினாலேயே.

மாணவர்கள் 7 ஆம் அடுக்குக்குரிய 127 ஐ ஐந்து தடவையிலும், 11 ஆம் அடுக்குக்குரிய 2047 ஐ ஒன்பது தடவையிலும் சோதித்துப் பார்க்கட்டும். ஒன்று 0 இல் முடியும், மற்றது முடியாது. முடியாததன் காரணிகளைப் பிறகு தேடலாம், அவை சிறியவைதாம்.