பெரிய பெட்டி வேண்டுமா?



சென்ற மாதம் நம் சபை வாலிபர் ஒருவருக்கு ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பியது. பெட்டி நிரம்பியிருந்தபடியால் அது அனுப்பியவருக்கே திரும்பிப் போயிற்று. தேதி கடந்த பின்புதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. "இலவசமாகத் தருகிறவர்கள் இன்னும் கொஞ்சம் இடம் தரக்கூடாதா, ஐயா?" என்று சிலர் என்னிடம் கேட்டீர்கள். என் எண்ணம் வேறு.

இடம் உண்மையிலேயே போதாத காலம் ஒன்று இருந்தது. 2004-க்கு முன் ஹாட்மெயில் தந்தது 2 மெகாபைட், யாகூ 4. துபாயிலிருந்து மகன் அனுப்பும் சில புகைப்படங்களிலேயே பெட்டி நிரம்பிவிடும். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிகாபைட் தருவதாக அறிவித்தபோது, முட்டாள்கள் தின விளையாட்டு என்றே அநேகர் எண்ணினார்கள். அது நன்மையான மாற்றம்; மறுக்கமாட்டேன். ஆனால் வேண்டாததை அழிக்கும் பழக்கம் அன்றோடு நம்மை விட்டுப் போயிற்று.

இன்று கூகுள் கணக்கில் 15 ஜிகாபைட் இலவசம். அதை நிரப்புவது கடிதங்கள் அல்ல. எழுத்து மட்டுமே உள்ள கடிதம் சில கிலோபைட்டுகள்தான்; ஒரே ஜிகாபைட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் கடிதங்கள் அடங்கும். ஆனால் 2021 ஜூன் முதல் நாம் ஏற்றும் புகைப்படங்களும், 2024 முதல் ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் அதே 15-இல் சேருகின்றன. இதைப் பலர் அறியார்கள். காலை வணக்கப் படங்கள் உள்ளே அமர்ந்துகொண்டு, வேலைக்கான கடிதத்தை வெளியே நிறுத்துகின்றன. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம் தானியமாவது இருந்தது!

நம் மணிமுத்தாறு அணையைப் பாருங்கள். உயரம் 118 அடி. கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. அது நிரம்பும் ஆண்டில் நாம் மகிழ்வது ஏன்? அந்த நீர் மதகு வழியாக வயலுக்குப் போகும் என்பதால். நம் மின்னஞ்சல் பெட்டிக்கு வரத்து உண்டு, மதகு இல்லை. கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் நிரம்பும் நாள் தள்ளிப்போகும், அவ்வளவே. அந்த நாளில் மாதம் 130 ரூபாய்க்கு 100 ஜிகாபைட் என்ற அழைப்பு வந்து நிற்கும்.

"முக்கியமான ஆவணங்களை எங்கே வைப்பது?" என்பது நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் வீட்டுப் பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழ்களும் நனைந்து அழிந்ததை நாம் மறக்கவில்லை. அவற்றின் நகல் மின்னஞ்சலில் இருப்பது நல்லது. ஆனால் ஒரு பக்கத்துக்கு 1 மெகாபைட் என்று வைத்தாலும், ஒரு குடும்பத்தின் நூறு பக்கங்களுக்கு 100 மெகாபைட் போதும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, இலவசக் கணக்குக்குத் தருவது 5 ஜிகாபைட். அதில் இது ஐம்பதில் ஒரு பங்கு.

பெரிய இடம் பாதுகாப்பான இடமும் அல்ல. 2013-இல் 1 டெராபைட் தந்த யாகூ, 2025-இல் அதை 20 ஜிகாபைட்டாகக் குறைத்தது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடைமுறையில் உள்ளது. மரித்துப்போன தாயாரின் கடிதங்கள் அவர்களுடைய கணக்கிலேயே கிடக்கட்டும் என்று விட்டிருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அவற்றை அச்செடுத்து வேதப்புத்தகத்தோடு வையுங்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் வாலிபர் இருவர் மடிக்கணினியோடு ஆலய முற்றத்தில் இருப்பார்கள். முதலில் பெரிய வீடியோக்களைத் தேடி அழிக்கச் சொல்லித் தருவார்கள். குப்பைத் தொட்டியையும் காலிசெய்ய வேண்டும். இல்லையேல் அழித்தவை 30 நாள் வரை இடத்தை அடைத்தே கிடக்கும். கடவுச்சொல்லை அவர்களிடம்கூடச் சொல்லாதீர்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.