ஓசையின்றி ஒழுகும் நீர்



ஒரே மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் பெறும் இரு குடும்பத்தார் அண்மையில் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டனர். மாலையில் நிரப்பிய தொட்டி விடியுமுன் வற்றிவிடுகிறது. மாடி வீட்டார் கீழ்வீட்டாரை ஐயுற்றனர். கீழ்வீட்டார் மாடி வீட்டாரை ஐயுற்றனர். இரு வீட்டிலும் குழாய்கள் செம்மையாகவே இருந்தன. கழிவறையின் பிளஷ் தொட்டியை மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. குழாய் சொட்டினால் செவிக்குக் கேட்கும். இத்தொட்டியின் கசிவோ பீங்கானின் உட்சுவரை ஒட்டி மெல்லிய இழையாக இறங்கி, மாதக்கணக்கில் மறைந்திருக்கும்.

சிறு கசிவுதானே என்போர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். தொட்டியின் உட்புறம் 40 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உடையதாயின், நீர்மட்டம் 1 செ.மீ. தாழ்ந்தால் 600 மி.லி. போயிற்று. அரைமணிக்கு 1 செ.மீ. வீதம் கசிந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் வீட்டில் இது சிறிதன்று.

எவரும் பயன்படுத்தாத வேளையில் தொட்டி தானே நிரம்பும் ஓசை கேட்குமாயின், அதுவே முதல் அறிகுறி. மூடியைத் திறந்து, உள்ளே நிமிர்ந்து நிற்கும் வழிகுழாயைப் பாருங்கள். நீர் அதன் வாயளவு எட்டி உள்ளே வழிந்தால், குற்றம் மிதவையினுடையது. மிதவையின் திருகைத் திருப்பி, வழிகுழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நீர் நிற்குமாறு தாழ்த்துக. அப்போதும் நீர் நில்லாது ஏறினால், நீர் நுழையும் வால்வில் மணல் சிக்கியிருக்கும். அல்லது அதன் வாஷர் தேய்ந்திருக்கும்.

மட்டம் சரியாயிருந்தால், துணிக்கு இடும் சொட்டு நீலம் போதும். தொட்டியில் பத்துத் துளி இட்டு, அரைமணி நேரம் எவரும் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்க. (சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுவே கடினமான பகுதி!) பின்னர்க் கோப்பையில் நீலம் தென்பட்டால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் வளையமே கசிகிறது.

ஆங்கிள் வால்வை மூடித் தொட்டியை வெறுமையாக்குக. இரு பொத்தான் கொண்ட பெரும்பாலான தொட்டிகளில் நடுவிலுள்ள அமைப்பை இடப்புறமாகக் கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் வளையத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துணியால் துடைத்தால் பலமுறை அதுவே போதும். வளையம் அமரும் விளிம்பையும் துடையுங்கள். உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. வளையம் இறுகியோ வெடித்தோ இருந்தால், அதனையே கடைக்கு எடுத்துச் சென்று ஒத்ததை வாங்குக. நினைவிலுள்ள அளவை நம்பிச் செல்வோர் இருமுறை நடப்பர்.

தொட்டிக்குள் குளோரின் வில்லை இடும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. அது ரப்பரை விரைவில் கெடுக்கும். சங்கிலி இழுக்கும் பழைய வார்ப்பிரும்புத் தொட்டிகளில் நீர் உயர்ந்த குழாயின் மீதேறி இறங்கியது. ஆதலின் தேயக்கூடிய அடைப்பான் அவற்றில் இல்லை. பேரோசை அவற்றின் குறைகளுள் ஒன்று.

பழுது நீக்கியபின் நீலச் சோதனையை மீண்டும் செய்யுங்கள். தொட்டியின் வெளிப்புறத்தில் ஈரம் கண்டால் மட்டும் பிளம்பரை அழையுங்கள். அடியிலுள்ள மரையை நாமே மிகுதியாக இறுக்கினால் பீங்கான் விரிசல் கண்டுவிடும்.