மோட்டார் வண்டியின் மூச்சு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, கல்லூரியின் கீர்த்தியையோ, மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டையோ யாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் ஈண்டு எழுதப் புகுவது, மோட்டார் காரின் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வழியைப் பற்றியது. விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். வன்னி மண்ணிலே வாழ்ந்தோர்க்கு இது வெறும் இரும்பும் குழாயும் பற்றிய பேச்சன்று என்பதை இறுதிவரை வாசிப்போர் உணர்வர்.

எம்மிடம் முன்பு பயின்று இப்பொழுது உத்தியோகம் பார்க்கும் இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ருவரியிலேயே மீண்டும் தொடங்கிற்று. ஆதலின், இடைப்பட்ட அக்காலத்திலே பழைய கார்களும் பொன்விலை பெற்றன. அவ்வாறு அருமையாகத் தேடிய காரிலே, அவர் செய்த முதற் காரியம், காற்று வடிகட்டியையும் அதனை அடக்கிய பெட்டியையும் கழற்றிவிட்டு, கொழும்பிலிருந்து தருவித்த கூம்பு வடிவான திறந்த வடிகட்டியொன்றைப் பூட்டியதே. காரணம் கேட்டோம். வலுக் கூடும், எரிபொருள் மிஞ்சும், ஓசை கம்பீரமாயிருக்கும் என மூன்று கூறினார். மூன்றனுள் ஓசை ஒன்றே உண்மையாயிற்று.

ஏனைய இரண்டும் பொய்த்தமைக்குக் காரணம் உண்டு. எஞ்சினுக்கு வேண்டுவது காற்று மாத்திரமன்று, குளிர்ந்த காற்று. காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறுமாயின் அதன் அடர்த்தி நூற்றுக்கு மூன்று பங்கு அளவிற் குறையும். காரைச் செய்தவர்கள் முன்புறத்திலே வெளிக்காற்றுப் புகும் இடம் பார்த்துக் குழாய் அமைத்தனர். அதனை அகற்றி, மூடியின் கீழே கொதிக்கும் எஞ்சினருகில் வடிகட்டியைத் திறந்து வைத்தால், வண்டி தன் சூட்டைத் தானே குடிக்கின்றது. கடைக்காரர் காட்டும் சிறு ஊதியமும் எஞ்சின் மிக விரைந்து சுழலும்போது மாத்திரமே கிட்டுவது. மாடும் சைக்கிளும் குறுக்கிடும் எமது வீதிகளில் அவ்வாறு ஓட்டுதற்கு இடமேது?

எரிபொருட் சிக்கனம் பற்றிய நம்பிக்கையோ பழைய காலத்தது. காபரேற்றர் பூண்ட கார்களில் வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெற்றோல் வீணாதல் உண்மை. இக்காலத்துக் கார்களில், உட்செல்லும் காற்றை உணர்கருவி அளந்து சொல்ல, அதற்கேற்பவே எரிபொருள் பீச்சப்படுகின்றது. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தார் 2009ஆம் ஆண்டில் இதனைச் சோதித்து, இத்தகைய கார்களில் வடிகட்டி அடைபட்டாலும் எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்கவாறு மாறுவதில்லை என்றும், வேகம் எடுக்கும் ஆற்றலே குறைகின்றது என்றும் கண்டனர். அடைபட்டதனால் நட்டமில்லை எனின், திறந்துவிட்டதனால் இலாபம் எங்ஙனம் வரும்?

மூன்று மாதம் கழிந்தது. எச்சரிக்கை விளக்கு எரிகின்றதென்று இளைஞர் எம்மிடம் வந்தார். எம் ஊர்க் கராஜிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் புரியும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவர் கருவி ஒன்றையும் எடுத்தாரல்லர். புது வடிகட்டியைக் கழற்றி, வெள்ளைத் துணியொன்றை விரலிற் சுற்றி, அதற்கு அப்பாலுள்ள குழாயினுட் செலுத்தி வெளியே எடுத்தார். துணி செம்மண் நிறமாயிருந்தது. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, துணுக்காய்ப் பகுதிகளின் கிரவல் வீதிகளிற் கோடையிலே பயணம் செய்தார்க்கு அந்த நிறம் புதிதன்று. அப்புழுதியிலே உள்ள நுண்மணல் சிலிண்டரின் சுவரை அரத்தைப்போல் அராவும்.

“மாஸ்ரர், வண்டியும் மனிசரைப் போலத்தான். மூச்சுக்கை மண் போனால் பிறகு மருந்தில்லை” என்றார் அவர். பழைய பெட்டியைத் தேடி எடுத்துப் பூட்டிவித்தோம். வடிகட்டியிற் பூசிய எண்ணெய் உணர்கருவியிற் படிந்ததே விளக்கு எரிந்தமைக்குக் காரணம் எனவும் அறிந்தோம். தேய்ந்த எஞ்சின் தேய்ந்ததே.

புழுதி ஒருபுறமிருக்க, வெள்ளமும் உண்டு. 2018ஆம் ஆண்டு டிசெம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை யாவரும் அறிவர். குளிர்ந்த காற்றை நாடிக் குழாயின் வாயைச் சில்லருகே தாழ்த்தி வைக்கும் இன்னொரு வகை மாற்றமும் உண்டு. அத்தகைய காரை வெள்ளம் பாயும் பாலத்திலே இறக்கினால், காற்றுப் புகும் வழியே நீர் புகும். காற்றை அமுக்கலாம்; நீரை அமுக்க முடியாது. மேலெழும் பிஸ்ரன் நீரிலே மோத, அதனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சின் அக்கணமே பாழாகும்.

இவ்வளவும் கூறியதனால், வண்டியிற் கைவைத்தலே குற்றம் என யாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. எஞ்சினின் மூச்சுவழியை மாற்றும் வித்தையில் வன்னியாரை வென்றவர் எவர்? 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. போத்தலில் அளந்து விற்கப்பட்ட சிறிதளவு பெற்றோலை வாங்குதற்கு எளியோரால் இயலவில்லை. பங்கீடாகவும் அருமையாகவும் கிடைத்தது மண்ணெண்ணெயே. அந்த மண்ணெண்ணெயிலே ஒஸ்ரின் கார்களும், மொறிஸ் மைனர்களும், மோட்டார் சைக்கிள்களும் ஓடின என்பதை இன்றைய மாணவர் கதையெனவே கேட்பர்.

எமது தந்தையாரிடம் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்று இருந்தது. மண்ணெண்ணெயிலே எரியாற்றல் குறைவில்லை. ஒரு லீற்றருக்குப் பெற்றோலினும் சற்றுக் கூடுதலே. குறை யாதெனில், அது எளிதில் ஆவியாகாமையே. பெற்றோல் கடுங்குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மண்ணெண்ணெய்க்கோ 38 பாகை செல்சியஸ் அளவேனும் வெப்பம் வேண்டும். ஆதலின் ஆறிய எஞ்சின் மண்ணெண்ணெயிற் கிளம்பாது. மேலே கூறிய அதே மெக்கானிக், அந்நாளில் இளைஞர், காபரேற்றரின் அருகிலே சிறு போத்தலொன்றைத் தொங்கவிட்டு, மெல்லிய குழாயொன்றும் திருகொன்றும் அமைத்தார். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் முறை. மண்ணெண்ணெய் வரும் செப்புக்குழாயைப் புகைக்குழாயிற் சுற்றிச் சூடாக்கினார். தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளினார். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 7க்கு 1 என்பதை ஒட்டியது. அதனாலேயே தாழ்ந்த எரிபொருளை அது ஓரளவு சகித்தது.

எமது மெக்கானிக் அறியாமலே செய்த இம்முறையை, பிரித்தானிய உழவு இயந்திரத் தொழிற்சாலைகள் அறிந்தே செய்திருந்தன. பேர்குசன் உழவு இயந்திரங்களில் 1949ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுமாறு செய்யப்பட்டதே. அங்கே பொறியியலாளர் வரைபடமும் சோதனைச் சாலையும் கொண்டு செய்ததை, இங்கே ஒருவர் மரநிழலிலே, பழைய இரும்பும் தம் செவியும் கொண்டு செய்தார். அத்தகையோர் வன்னியெங்கும் பலர் இருந்தனர். அவர்தம் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

1997ஆம் ஆண்டின் முற்பகுதியிலே ஓர் இரவு, பிரசவ வேதனையுற்ற அயல்வீட்டுப் பெண்ணொருவரை ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வழியாக மல்லாவி வைத்தியசாலைக்கு அக்காரிலே கொண்டு சென்றோம். வழியிலே மழை. மாங்குளத்தை அணுகும்போது எஞ்சின் நின்றது. போத்தலிலே இருந்த பெற்றோல் ஒருமுறை கிளப்புதற்கே போதும். தந்தையார் பிளக்குகளைக் கழற்றித் தம் சால்வையால் துடைத்துப் பூட்டி, பெற்றோல் முழுவதையும் விட்டுச் சாவியைத் திருப்பினார். பின்னிருக்கையில் அப்பெண்ணின் தாயார் பிள்ளையாரை அழைத்த குரல் இன்றும் எம் செவியில் உளது. எஞ்சின் கிளம்பிற்று. அதன்பின் மல்லாவிவரை அதனை நிறுத்தத் துணியவில்லை. விடியுமுன் பிள்ளை பிறந்தது, தாயும் நலமே.

இதனைப் பெருமைக்காக மாத்திரம் கூறினோமல்லேம். அந்த மாற்றத்திற்குக் கொடுத்த விலையும் பெரிது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. வெண்புகை கண்ணையும் நெஞ்சையும் எரித்தது. எஞ்சின் எதிர்வெடித்துப் பெற்றோற் போத்தல் தீப்பற்றியதால் எமது தந்தையாரின் வலக்கை வெந்தது. அத்தழும்பு அவர் இறக்கும்வரை மாறவில்லை. அக்காலம் மீளவேண்டும் என விரும்புவார் எவருமிலர். ஆயினும் துன்பம் வேறு. துன்பத்தினூடே பெற்ற அறிவு வேறு. துன்பத்தை மறக்கும் அவசரத்திலே அறிவையும் எறிந்துவிடுதல் தகாது.

2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபொழுது, பலர் அம்முதிய மெக்கானிக்கிடம் சென்று, தம் புதிய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்யுமாறு வேண்டினர். அவர் மறுத்துவிட்டார். இக்காலத்து எஞ்சினின் அமுக்க விகிதம் 10க்கு 1 அல்லது அதற்கு மேல். அதிலே மண்ணெண்ணெய் உரிய காலத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்ரனை உடைக்கும். புகைக்குழாயிலுள்ள மாசகற்றும் கருவியும் கெடும் என்றார். செய்யத் தெரிந்தவர்க்கே செய்யலாகாத இடமும் தெரிகின்றது. எம்மிடம் பயின்ற இளைஞர் கடையிலே விலைக்கு வாங்கிய கூம்பிலே இவ்வறிவு அடைத்து விற்கப்படவில்லை.

முன்னோர் செய்தால் வித்தை, இளையோர் செய்தால் வீம்போ என இளைஞர் எம்மை வினவலாம். நியாயமான வினா. யாம் மதிப்பது வயதையன்று, நோக்கத்தையும் அளவையும். அன்று மாற்றம் செய்தவர், எது குறை, அதனை எவ்வழியாற் போக்கலாம், அதனால் எது கெடும் என்ற மூன்றையும் அறிந்தே செய்தார். இன்றும் அம்மூன்றையும் அறிந்து செய்பவர் எவராயினும் அவரை யாம் போற்றுவோம். மாற்றுமுன் ஒரு மாதம் சென்ற தூரத்தையும் செலவான எரிபொருளையும் குறித்து வைத்து, மாற்றியபின் மீண்டும் குறித்து ஒப்புநோக்குக. வெள்ளைத் துணியை ஒருமுறை குழாயினுட் செலுத்திப் பார்க்க. இவற்றுக்குப் பணம் வேண்டாம், பொறுமையே வேண்டும்.

இனி, எமது விண்ணப்பம் ஒன்று. அக்காலத்து மெக்கானிக்குகள் முதுமையடைந்துவிட்டனர், சிலர் மறைந்துவிட்டனர். அவர்கள் செய்த காபரேற்றர்களும் குழாய்களும் பழைய இரும்பாக நிறுத்து விற்கப்படுகின்றன. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. 2016ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் அங்கேயே உளது. நூலறிவும் தொழிற்பயிற்சியும் அருகருகே அமைந்த இவ்விடத்திலிருந்து சில மைல் தூரத்திலே, எழுதப்படாத பெரும் நூல்களாக இம்முதியோர் வாழ்கின்றனர். நம் கல்லூரி மாணவர் குறிப்பேட்டுடன் கராஜுகளுக்குச் சென்று, அவர்கள் கூறுவனவற்றை எழுதி, கருவிகளை வரைந்து, எஞ்சியவற்றுள் ஒன்றிரண்டையேனும் பெற்றுக் கல்லூரி விஞ்ஞானகூடத்திலே வைத்தல் வேண்டும். செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமாயின், யாமும் எம்மால் இயன்றதை உதவச் சித்தமாயுள்ளோம். எம் தந்தையாரின் காரிலிருந்த காபரேற்றரும் செப்புக்குழாயும் இன்னும் எம் வீட்டிலே உள. அவற்றை முதலாவதாகக் கல்லூரிக்குக் கையளிப்போம்.

அடுத்த விழா மலர் வெளிவரும்போது அம்முதியோருட் பலர் இருக்கமாட்டார்கள். அவர்கள் கூறியவை மலரின் பக்கங்களிலேனும் இருத்தல் வேண்டும். வண்டிக்கு மூச்சுக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.